அவளை நடிகையாக்கினது நான்தான்

வாங்கம்மா, உக்காருங்க. பத்திரிகையிலேருந்துதானே? அவ சொல்லிட்டுத்தான் போனா, ஒரு பொண்ணு பேட்டி எடுக்க வரும்னு. டப்பிங் முடியக் கொஞ்சம் லேட்டாகுமாம். ஆகட்டுமே, அதான் நான் இருக்கேனே. கேள்வியெல்லாம் என்னைக் கேளுங்க. அவளைக் கேட்டா 'ஆமா', 'இல்ல'ன்னு முடிச்சிடுவா. அப்புறம் நீங்க பக்கத்தை எதை வச்சு ரொப்புவீங்க?

என் பேரு தெய்வநாயகம். தாலுகா ஆபீஸ்ல ஹெட் கிளார்க்கா இருந்து ரிடையர் ஆனவன். அதை வேணும்னா விட்டுடுங்க. ஆனா ஒண்ணு மட்டும் கொட்டை எழுத்துல போடணும். என் சம்சாரம் மங்கையர்க்கரசியை நடிகையாக்கினது நான்தான். வேற எவனாவது 'நான்தான் கண்டுபிடிச்சேன்'னு சொன்னா நம்பிடாதீங்க. டைரக்டர் சொல்லுவான், மியூசிக் போட்ட ஜோயல் சொல்லுவான், நாடகக்காரர் பெனடிக்ட் சொல்லுவார். எல்லாம் பின்னாடி வந்தவங்க.

எப்படின்னு கேளுங்க. நான் ரிடையர் ஆனதும் விருத்தாசலத்தை விட்டுட்டு இந்த சாலிகிராமம் வீட்டுக்கு வந்தோம். பொண்ணுக்கு இங்கதான் வேலை. வந்த வருஷமே அவளுக்குக் கல்யாணம் ஆகி கோயமுத்தூர் போயிட்டா. நானும் இவளும் மாடியில. கீழ் போர்ஷனை ஓனர் சீரியல் ஷூட்டிங்குக்கு விட்டிருந்தார். ஒருநாள் காலைல ஒரு ஆள் மேல வந்து, "சார், குடும்பப் பாங்கா ஒரு அம்மா போட்டோ இருந்தா குடுங்க. ஹால் சுவர்ல மாட்டணும். நாங்க எடுத்து வச்சிருந்தது ஒடஞ்சு போச்சு"ன்னான். குடும்பப் பாங்குன்னு கேட்டான் பாருங்க, எனக்குப் பெருமையாப் போச்சு. எங்க வீட்ல குடும்பத்துக்கும் குறைவில்ல, பாங்குக்கும் குறைவில்ல. எங்க கொழுந்தியா பொண்ணு கல்யாணத்துல இவ பட்டுப் புடவையோட எடுத்த படம் ஒண்ணு ஃப்ரேம் போட்டு இருந்துச்சு. எடுத்துக் குடுத்துட்டேன். அவகிட்டக் கேக்கல. இதுக்கெல்லாம் எதுக்குக் கேக்கணும்?

ரெண்டு வாரம் கழிச்சு டிவியில அந்த சீரியல் வருது. நானே ஒலிய ஏத்தி வச்சு, "இந்தா, வந்து பாரு, உன் மூஞ்சி டிவியில வரப்போகுது"ன்னு கூப்பிட்டேன். கையைத் துடைச்சுக்கிட்டே வந்தா. ஹாலைக் காட்டினான். சுவரைக் காட்டினான். எங்க வீட்டம்மா சிரிச்சுக்கிட்டு இருக்கா. கழுத்துல ஒரு முழ நீளத்துக்கு சந்தன மாலை, நெத்திக்கு நேரா கண்ணாடி மேல குங்குமம், கீழ ஒரு சின்ன விளக்கு மினுக்கு மினுக்குன்னு எரியுது. கதாநாயகி அது முன்னாடி நின்னு, "அம்மா, என்னை விட்டுட்டு ஏம்மா போனே?"ன்னு கதறுறா.

இவ என்ன பண்ணாங்கறீங்க? கொஞ்ச நேரம் உத்துப் பாத்தா. "மாலை நல்ல மாலையாத்தான் போட்டிருக்காங்க"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

அன்னிக்கு ராத்திரியே போன் மேல போன். எங்க பெரியப்பா மகன் மறுநாள் விருத்தாசலத்துலேருந்து மாலையோட வந்து வாசல்ல நிக்கிறான். கதவைத் தெறந்தது இவ. அவன் மாலையை முதுகுப் பக்கம் மறைச்சுக்கிட்டு, "அண்ணி, நல்லா இருக்கீங்களா?"ன்னான் பாருங்க. இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போனான்.

கீழ இறங்கிப் போனேன் சண்டைக்கு. இவளும் பின்னாடியே வந்தா, வேணாங்க வேணாங்கன்னு. டைரக்டர்கிட்ட, "உயிரோட இருக்கற பொம்பளைக்கு மாலை போட்டிருக்கியே, கழட்டுய்யா"ன்னேன். அவன், "சார், அவங்க செத்துட்டாங்க சார்"ங்கறான். "யாருய்யா செத்தது, இதோ நிக்கிறா"ன்னு இவளைப் பிடிச்சு முன்னாடி இழுத்து விட்டேன். அப்பதான் அவன் இவளைப் பாக்கறான். நான் கத்திக்கிட்டே இருக்கேன், அவன் இவளையே பாக்கறான். "அம்மா, ஃப்ளாஷ்பேக்குக்கு ஒருத்தங்க தேவைப்படுது. நாலு வார்த்தை பேசுவீங்களா?"ன்னான்.

"பேசுவா பேசுவா"ன்னு நான்தான் சொன்னேன். எழுதிக்கிட்டீங்களா? சொன்னது நான்.

சாகப் போற அம்மா, புருஷன்கிட்டப் பொண்ணை ஒப்படைக்கிற காட்சி. கிளிசரினை எடுத்துக்கிட்டு ஒருத்தன் வந்தான். இவ வேணாம்னுட்டா. படுத்துக்கிட்டே அந்த நடிகரைப் பாத்து, "நான் இருந்தப்ப, நான் இருக்கேன்னு தெரிஞ்சுதா உங்களுக்கு?"ன்னு கேட்டா. அவங்க எழுதிக் குடுத்த வசனம் அது இல்ல. எழுதிக் குடுத்தது ஏதோ, 'பொண்ணைப் பத்திரமாப் பாத்துக்குங்க.' இவ சொந்தமா ஒண்ணு சொல்லிக் கண்ணுல மாலை மாலையாத் தண்ணி. லைட் புடிக்கிறவன்கூட மூக்கைச் சிந்தினான். எங்கேருந்து வந்துச்சோ அந்த வசனம்! எல்லாம் நம்ம வீட்ல கிடைச்ச பழக்கந்தான். தைரியமா வாய் தெறந்து பேசற பழக்கம்.

இருங்க, காபி தரேன். ஒரு நிமிஷம், அவளுக்கு ஒரு போன் போட்டுக்கறேன். ... ஹலோ, இந்தா, காபித்தூள் எங்க வச்சிருக்கே? ... எந்த அலமாரி? ... கண்ணெதிர்லன்னா எந்தக் கண்ணெதிர்ல? ... சரி சரி, டப்பிங்கைப் பாரு. ... எங்க விட்டேன்? காபி அவ வந்து போடட்டும். அவ போட்டாத்தான் நல்லா இருக்கும்.

ஆங், சீரியல். செத்தவளை ஜனங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. ஃப்ளாஷ்பேக் நீண்டுக்கிட்டே போச்சு. அதுக்கு மேல இழுக்க முடியாதுன்னதும், செத்தவளோட ரெட்டையாப் பொறந்தவ ஒருத்தி இருக்கான்னு கொண்டாந்து, இவளை உயிரோட நடமாட விட்டான் டைரக்டர். நான் தினமும் கூடவே போவேன். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன், அந்த சீரியல் புருஷன் இவளைத் தொடக் கூடாது. அதனால அவரு எந்நேரமும் சோபாவோட அந்தக் கோடியில உக்காந்து பேசுவார். இவங்களுக்குள்ள மனஸ்தாபம்னு கதையையே மாத்திட்டாங்க. அப்படிக் கதையிலயும் என் பங்கு இருக்கு. டைரக்டருக்கு என்மேல நல்ல மரியாதை. காட்சி ஆரம்பிக்கும்போதெல்லாம், "சார், தெருமுனைல டீ நல்லா இருக்கும், போய் சாப்பிட்டு வாங்க"ம்பான்.

பாட்டு எப்படி வந்துச்சுன்னா, அதே சீரியல்ல தொட்டில் ஆட்டற மாதிரி ஒரு காட்சி. பாட்டு இன்னும் தயாராகல, சும்மா வாயை அசைங்கன்னாங்க. இவ சும்மா அசைக்கத் தெரியாம பாடிட்டா.

"கொல்லைக் கதவு தெறந்திருக்கு, காத்தே நீ உள்ள வா,
புள்ள மொகம் பாத்துப்புட்டு சத்தமில்லாம வெளிய போ"ன்னு.

நான் டீ சாப்பிட்டுட்டு உள்ள வரேன், அத்தனை பேரும் வேலையை விட்டுட்டு நிக்கிறாங்க. யாரு பாடறதுன்னு எனக்கே புரியல. சத்தியமா சொல்றேன், அது இவ குரல்னு எனக்குத் தெரியல. எப்படித் தெரியும்? வீட்ல மிக்ஸி ஓடும், நான் நியூஸ் வச்சிருப்பேன். கல்யாணம் ஆன புதுசுல ஏதோ முணுமுணுத்துக்கிட்டு இருப்பா, பக்கத்து வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அதோட நிறுத்திட்டா. சொன்ன பேச்சு கேக்கற பொண்ணு.

மியூசிக் போட்ட ஜோயல் அந்தப் பாட்டை அப்படியே ஸ்டூடியோவுல பாட வச்சு வெளியிட்டான். அப்புறம் பாக்கணுமே! பஸ்ல அது, ஆட்டோவுல அது, எங்க பேத்தி தூங்கறதுக்கு அது. கோயில் திருவிழாவுல கூப்பிட ஆரம்பிச்சாங்க. திருவண்ணாமலை, சிதம்பரம், மலேசியா வரைக்கும் போய்ப் பாடிட்டு வந்துட்டா. மலேசியாவுக்கு என்னைக் கூட்டிட்டுப் போகல. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க விட்டுப் போச்சு. அந்த ஒரு வாரம் நான் ஓட்டல்லதான் சாப்பிட்டேன். அதையும் எழுதுங்க. ஒரு கலைஞரோட குடும்பம் எத்தனை தியாகம் பண்ணுதுன்னு ஜனங்களுக்குத் தெரியணும்.

இனிமேதான் முக்கியமானது. நாடகம். நீங்க வந்ததே அதுக்குத்தானே?

பெனடிக்ட்னு ஒருத்தர், காலேஜ்ல வாத்தியார், நாடகம் போடறவர். இவ பாட்டைக் கேட்டுட்டு வந்தார். ரெண்டு பேருமா உக்காந்து ஒரு நாடகம் எழுதினாங்க. இவ சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். இதே ஹால்லதான். நான் நடுவுல போய் ஏதாச்சும் யோசனை சொன்னா, பெனடிக்ட் அதையும் சட்டுன்னு எழுதிக்குவார். "இப்ப சொன்னதை இன்னொரு தடவை அப்படியே சொல்லுங்க சார்"ம்பார். அவ்வளவு உதவி பண்ணியிருக்கேன்.

நாடகத்தோட பேரு 'இந்தா'. ஒரு புருஷன் பொண்டாட்டி கதை. அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவே மாட்டான். இந்தா, தண்ணி கொண்டா. தண்ணி அவன் பக்கத்துலயே இருக்கும். இந்தா, என் கண்ணாடி எங்க? அது அவன் மூக்கு மேலயே இருக்கும். இந்தா, நீ சும்மா இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது. ஜனங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. நான்தான் முதல் வரிசையில எல்லாரையும் விட சத்தமா சிரிப்பேன். கடைசிக் காட்சியில அவ ஒரு பையை எடுத்துக்கிட்டு வாசல் வழியா போயிடுவா. அவன் பேப்பரைப் படிச்சுக்கிட்டு, "இந்தா, காபி"ம்பான். பதில் வராது. விளக்கு அணைஞ்சிடும்.

இதுல ஒரு ரகசியம் சொல்றேன், எழுதிடாதீங்க. அந்தப் புருஷன் யாருன்னு நினைக்கறீங்க? எங்க சகலை. இவ தங்கச்சி புருஷன், குமரகுருபரன். அச்சு அசல் அவனேதான். பாத்த மாத்திரத்துல கண்டுபிடிச்சிட்டேன். இவகிட்டக் கேட்டேன், "என்ன, உன் தங்கச்சி புருஷனை இப்படி வாரிட்டே?"ன்னு. என்னைக் கொஞ்ச நேரம் பாத்தா. "ஆமாங்க"ன்னா. சகலையே ஒருநாள் நாடகம் பாக்க வந்தான். எங்க கோவிச்சுக்கப் போறானோன்னு அவன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தேன். அவனும் என்னை மாதிரியே சிரிச்சான்! முடிஞ்சதும் என் முதுகுல தட்டி, "உமக்கு ரொம்பப் பெரிய மனசுய்யா"ன்னான். பாவம், தன்னைத்தான் சொல்றாங்கன்னே அவனுக்குத் தெரியல. அப்படியும் மனுஷன் இருக்கான் பாருங்க.

போன மார்கழியில எழும்பூர் பக்கம் ஒரு அரங்குல நாடகம். அன்னிக்குக் காலைல, புருஷனா நடிக்கிற ராயப்பன் குளியல் ரூம்ல வழுக்கி விழுந்து கணுக்கால் ஒடஞ்சு போச்சு. பெனடிக்ட் ஓடி வந்தார். டிக்கெட் எல்லாம் வித்தாச்சு, வேற ஆள் இல்ல. தலையில கையை வச்சுக்கிட்டு இங்க, நீங்க உக்காந்திருக்கற நாற்காலியிலதான் உக்காந்தார். அப்புறம் மெதுவாத் தலையைத் தூக்கி என்னைப் பாத்தார்.

"வேணாம் பெனடிக்ட் சார்"னு இவ சொன்னா. அவர் வாயைத் தெறக்கறதுக்கு முன்னாடியே சொன்னா.

"வேற வழியில்லம்மா."

"அவருக்கு நடிக்க வராது."

எனக்குச் சுருக்குன்னுச்சு. "ஏன் வராது? அத்தனை வசனமும் எனக்குத் தலைகீழ்ப் பாடம்"னு நான் ரெண்டு பக்கம் சொல்லிக் காட்டினேன். பெனடிக்ட் மலைச்சுப் போயிட்டார். "உடுப்பு என்ன போட்டுக்கட்டும்?"னு கேட்டேன். "இப்ப போட்டிருக்கற பனியன், வேட்டியே போதும் சார்"னார். "மேக்கப்?" "உங்களுக்கு எதுக்கு சார்?" அப்படி ஒரு முகவெட்டு நமக்கு.

சாயங்காலம் மேடை ஏறினேன். முதல் 'இந்தா'வுக்கே அரங்கம் அதிருது. ராயப்பனுக்கு அப்படிச் சிரிச்சதே இல்ல. நான் திரும்பினா சிரிப்பு, நான் தும்மினா சிரிப்பு. நாற்காலியில உக்காந்து காலை ஆட்டினேன், அதுக்குக் கைதட்டல். எனக்குள்ள இப்படி ஒரு கலைஞன் இருந்திருக்கான், தாலுகா ஆபீஸ்ல பட்டா கொடுத்துக்கிட்டு வீணாப் போயிட்டானேன்னு நினைச்சுக்கிட்டேன். இவ கண்ணைப் பாத்தேன். இவ சிரிக்கல. கவனமா நடிச்சுக்கிட்டு இருந்தா. ரொம்ப நல்லா நடிக்கிறாம்மா இவ. கீழேருந்து பாத்தப்ப எனக்கு அவ்வளவா தெரியல. பக்கத்துல நிக்கும்போது, தண்ணி டம்ளரை வைக்கிறா பாருங்க, அந்தக் கை, ஏதோ ரொம்ப நாளா வச்சு வச்சு அலுத்துப் போன கை மாதிரி இருந்துச்சு.

கடைசிக் காட்சி. பேப்பரை விரிச்சு மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கணும். அவ போறது எனக்குத் தெரியக் கூடாது. முதல் வரிசையில உக்காந்தா அவ போறது நல்லாத் தெரியும். இங்க பேப்பர்தான் தெரியுது. செருப்புச் சத்தம் மட்டும் கேக்குது. என் முதுகுக்குப் பின்னாடி போய், வாசப்படிகிட்ட நின்னு, அப்புறம் மறுபடி நடக்குது. நான் 'இந்தா, காபி'ன்னு சொல்லணும். அவ்வளவுதான் வசனம். கொழந்தை சொல்லும்.

வாய் வரலம்மா.

பேப்பரை இறக்கிட்டேன். திரும்பிப் பாத்தா அவ வாசலைத் தாண்டப் போறா, பை கையில இருக்கு. "மங்கை"ன்னேன். "எப்ப வருவே?"ன்னேன்.

ஒருத்தரும் சிரிக்கல. அவ நின்னா. எனக்கு அவ முதுகு மட்டும்தான் தெரியுது. தோள் ஒரு தடவை ஏறி இறங்குச்சு. திரும்புவான்னு நினைச்சேன். திரும்பல. போயிட்டா. விளக்கு அணைஞ்சதும் ஜனங்க எழுந்து நின்னு கைதட்டறாங்க, ஒரு அம்மா முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டே தட்டறாங்க. பெனடிக்ட் ஓடி வந்து கட்டிப் புடிச்சுக்கிட்டு, "சார், இனிமே இதுதான் முடிவு, இப்படியே வச்சுக்கலாம்"னார்.

இவ மேடைக்குப் பின்னாடி பையைத் தூக்கி எறிஞ்சா பாருங்க. "என் நாடகத்தைக் கெடுத்துட்டீங்க"ன்னா. கல்யாணம் ஆனதுலேருந்து அவ என்கிட்ட அப்படிக் கத்தினதில்ல. "அவன் கூப்பிடக் கூடாது. கூப்பிடாததுதான் நாடகம். உங்களை யாரு கூப்பிடச் சொன்னது? ஊரே உங்களைப் பாத்து அழுது. கதவைத் தாண்டிப் போனவளை ஒருத்தர் பாக்கல."

"வசனம் மறந்து போச்சு"ன்னேன். பொய் இல்ல. மறந்துதான் போச்சு.

"பெனடிக்ட் சார், பழைய முடிவுதான். இல்லாட்டி நான் நடிக்க மாட்டேன்"னுட்டா. அவர் என்னையும் பாத்தார், அவளையும் பாத்தார். "சரிம்மா"ன்னார்.

ஆட்டோ கிடைக்கல, பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தோம். அவ முன்னாடி, நான் பின்னாடி. வழக்கமா நான் முன்னாடி போவேன். அன்னிக்கு என்னவோ நடை வரல. பாதி வழியில நின்னு திரும்பினா.

"ஏங்க, மேடையில கேக்கத் தெரிஞ்சுது இல்ல? இத்தனை வருஷத்துல வீட்ல ஒரு தடவை கேட்டிருக்கலாமே, எப்ப வருவேன்னு?"

நான் நல்லா யோசிச்சுத்தான் பதில் சொன்னேன். "நடிக்க வர்றதுக்கு முன்னாடி நீ எங்கயும் போனதே இல்லையே, எப்படிக் கேக்கறது?"ன்னேன்.

அப்படியே என்னைப் பாத்துக்கிட்டு இருந்தவ சிரிக்க ஆரம்பிச்சா. எப்படிச் சிரிப்புங்கறீங்க, நடைபாதையில இருந்த ஒரு பூக்கடைப் பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறா. பூக்கட்டற பொம்பளையும் காரணம் தெரியாமச் சேர்ந்து சிரிக்குது. நான் சொன்னதுல என்ன சிரிப்பு இருக்குன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் விளங்கல. உங்களுக்கு விளங்குதா? நீங்களும் சிரிக்கறீங்களே!

போகட்டும். ராயப்பன் கால் சரியாகித் திரும்ப வந்துட்டார். எனக்குப் பழையபடி முதல் வரிசைதான். என்னை மறுபடி மேடையேத்தலன்னு எனக்கு வருத்தம் இல்ல. ஒரு தடவைல உச்சத்தைத் தொட்டவன் இறங்கிடணும். இப்ப அவ அடுத்த நாடகம் எழுதறா, தனியாவே. ஜோயல் கூட ஒரு பாட்டுத் தொகுப்பு, டிவியில பெரிய வேஷம் ஒண்ணு. நாள் பூரா வெளியதான். நான் கேட்டுடறேன், எப்ப வருவேன்னு. சொல்லிட்டுப் போவா. சொன்ன நேரத்துக்கு வர்றதில்ல, அது வேற விஷயம்.

போன வாரம் பாண்டிச்சேரியில நாடகம். நான் வழக்கம் போலச் சிரிச்சுக்கிட்டே இருந்தேன். கடைசிக் காட்சி வந்துச்சு. ராயப்பன் பேப்பரை விரிச்சுட்டார், அவ பையை எடுத்துட்டா. ராயப்பன் சரியாச் சொன்னார், "இந்தா, காபி." சுத்தி எல்லாரும் சிரிக்கறாங்க. எனக்கு மட்டும் சிரிப்பு வரல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சேன். பக்கத்துல உக்காந்திருந்த பெரியவர் என் கையைத் தொட்டு, "என்ன சார், தெரிஞ்சவங்க கதையா?"ன்னு கேட்டார்.

"ஆமா சார்"ன்னேன். "எங்க சகலை."